அனுமதிச் சீட்டில் அடங்கிய கல்வி: இராணுவ ஆக்கிரமிப்பின் கீழ் பாலஸ்தீனப் பல்கலைக்கழகங்கள்

2024 ஜனவரி 17 அன்று, காஸா நகருக்குத் தெற்கே இருந்த இஸ்ரா பல்கலைக்கழகத்தின் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு முன் பல வாரங்களாக அக்கட்டடம் இஸ்ரேலிய இராணுவத்தின் பிடியில் இருந்தது. சில வாரங்கள் கழித்து, தகர்ப்புக்கு உத்தரவிட்ட படைத்தளபதியை இராணுவத் தலைமை கண்டித்தது. மேலதிகாரிகளின் உரிய ஒப்புதலைப் பெறாமல் கட்டடத்தைத் தகர்த்தார் என்பதே அவர்மீது கூறப்பட்ட குறை.

சட்டம் பயின்றோர் ஊன்றிப் படிக்க வேண்டிய காரணம் இது. பல்கலைக்கழகம் ஒன்று அழிக்கப்பட்டதற்கு அக்கண்டனம் எழவில்லை. மேலிடத்தின் கையொப்பம் இல்லாமல் அழிக்கப்பட்டதற்கே எழுந்தது. 1967 முதல் பாலஸ்தீன உயர்கல்வியை ஆண்டு வருவதும் இதே கையொப்பம்தான். எந்தப் பல்கலைக்கழகம் இயங்கலாம், யார் கற்பிக்கலாம், யார் எங்கிருந்து வந்து படிக்கலாம், எத்தனை பேர் ஓரிடத்தில் கூடலாம் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஓர் இராணுவ அதிகாரியின் மேசையில் இருந்தது. உரிமையாக இருக்க வேண்டிய கல்வி எவ்வாறு அனுமதியாகச் சுருக்கப்பட்டது என்பதை ஆவணங்களின் வழியே இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஆக்கிரமிப்புக்குள் பிறந்த பல்கலைக்கழகங்கள்

1967 ஜூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா ஆகியவற்றை இஸ்ரேல் கைப்பற்றியபோது, அப்பகுதிகளில் முழுமையான பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. உயர்கல்வி நாடிய இளைஞர்கள் கெய்ரோ, பெய்ரூட், டமாஸ்கஸ், அம்மான் நகரங்களுக்குச் சென்றனர். ஆக்கிரமிப்புக்குப் பின் அப்பயணம் கடினமாயிற்று. சென்றவர் திரும்பி வருவதும் உறுதியற்றதாயிற்று. ஆகவே சொந்த மண்ணிலேயே பல்கலைக்கழகங்களை எழுப்பும் முயற்சி தொடங்கியது.

1971இல் ஹெப்ரோனிலும் 1973இல் பெத்லகேமிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. ரமல்லாவுக்கு வடக்கே, 1924இல் பெண்களுக்கான சிறு பள்ளியாகத் தொடங்கிய பிர்சேத், 1970களின் நடுவில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நாப்லஸில் 1918இல் பள்ளியாகத் தொடங்கிய அன்-நஜாஹ் 1977இல் பல்கலைக்கழகமானது. 1978இல் காஸாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இவற்றை எந்த அரசும் கட்டித் தரவில்லை. உள்ளூர்க் குடும்பங்கள், நகர்மன்றங்கள், சமய நிறுவனங்கள், புலம்பெயர்ந்தோர் நன்கொடைகள் ஆகியவையே இவற்றைத் தாங்கின. அகதி முகாம்களிலும் சிற்றூர்களிலும் வளர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இங்கிருந்தே வெளிவந்தனர்.

இராணுவ நிர்வாகம் இவ்வளர்ச்சியை ஐயத்துடன் நோக்கியது. 1974 நவம்பரில் பிர்சேத் நிறுவனத்தின் தலைவர் ஹன்னா நாசிர், நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி லெபனானுக்கு நாடுகடத்தப்பட்டார். நாடுகடத்தப்பட்ட நிலையிலும் பல்கலைக்கழகத் தலைவராகவே தொடர்ந்த அவர் 1993இல்தான் திரும்ப முடிந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலிருந்து பாதுகாக்கப்பட்ட மக்களை, எந்த நோக்கத்துக்காயினும், நாடுகடத்துவதை நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆனால் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் 1988இல் அஃபோ வழக்கில், அப்பிரிவு பெருந்திரளான வெளியேற்றத்தையே குறிக்கிறது, தனிநபர் நாடுகடத்தலுக்குப் பொருந்தாது என்று விளக்கம் அளித்தது. பன்னாட்டுச் சட்ட அறிஞர் பலர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

ஆணை எண் 854

1980 ஜூலையில் பிறப்பிக்கப்பட்ட இராணுவ ஆணை எண் 854, கட்டுப்பாட்டைச் சட்ட வடிவத்துக்குக் கொண்டு வந்தது. 1964ஆம் ஆண்டின் ஜோர்டானியக் கல்விச் சட்டம் பள்ளிகளுக்கானது. அச்சட்டத்தைத் திருத்தி, உயர்கல்வி நிறுவனங்களுக்கும் நீட்டித்தது இந்த ஆணை. அதன்படி பல்கலைக்கழகம் இயங்குவதற்கு இராணுவ நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். ஆசிரியர் கற்பிப்பதற்கும் மாணவர் பயில்வதற்கும் அனுமதி வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இந்த ஆணைக்கு உடன்பட மறுத்தன. இதன் தொடர்ச்சியாக 1982இல், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு கொண்ட ஆசிரியர்கள் பாலஸ்தீன விடுதலை இயக்கத்துக்கு ஆதரவளிப்பதில்லை என உறுதிமொழியில் கையொப்பமிட்டால்தான் பணி அனுமதி என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பலர் கையொப்பமிட மறுத்து வெளியேற்றப்பட்டனர். அவர்களில் அயல்நாட்டவர் மட்டுமின்றி, 1967 கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாததால் வசிப்புரிமை இழந்து, பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவராக்கப்பட்ட பாலஸ்தீனர்களும் இருந்தனர். உலகெங்கும் கல்வியாளர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அவ்வுறுதிமொழி கைவிடப்பட்டது.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளின் 43ஆவது பிரிவு, ஆக்கிரமிப்பாளர் நடைமுறையிலுள்ள சட்டங்களை முற்றிலும் தவிர்க்க இயலாத நிலை ஏற்பட்டாலன்றி மதிக்க வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்கான சட்டத்தைப் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தும் கருவியாக மாற்றியதற்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இருந்ததாகக் காட்ட இயலாது.

இதற்கும் முன்பே, 1967 ஆகஸ்டில், ஆணை எண் 101 வந்துவிட்டது. அரசியல் பொருள் குறித்துப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ அனுமதியின்றிக் கூடுவதை அது குற்றமாக்கியது. அச்சு வெளியீடுகளையும் அனுமதிக்கு உட்படுத்தியது. பத்தாண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்தது. ஒரு கருத்தரங்கு, ஒரு மாணவர் கூட்டம், ஒரு துண்டறிக்கை ஆகிய அனைத்தும் இதன் வரையறைக்குள் வந்துவிடக் கூடியவை. அவ்வாணை இன்றும் நீக்கப்படவில்லை.

வீட்டுக்குள் நடந்த வகுப்பு

1979 முதல் 1992 வரை பிர்சேத் பல்கலைக்கழகம் இராணுவ ஆணையால் 15 முறை மூடப்பட்டது. 1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா எழுந்ததும், 1988 ஜனவரி தொடக்கத்தில் விதிக்கப்பட்ட கடைசி மூடல் நான்காண்டுகளுக்கும் மேலாக, 1992 ஏப்ரல் வரை நீடித்தது. ஏனைய பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. மேற்குக் கரைப் பள்ளிகளும் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. மழலையர் பள்ளிகளும் தப்பவில்லை.

கல்வி நின்றுவிடவில்லை. ஆசிரியர்கள் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் வகுப்பெடுத்தனர். அக்கம்பக்கத்து மக்கள் குழுக்கள் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தின. 1988 ஆகஸ்டில் இம்மக்கள் குழுக்கள் சட்டவிரோதமானவை என அறிவிக்கப்பட்டன. அவற்றில் பங்கேற்பது தண்டனைக்குரிய செயலாயிற்று. வீட்டில் கூடி வேதியியல் படித்த மாணவரும் கற்பித்த ஆசிரியரும் கைதுக்கு அஞ்ச வேண்டிய நிலை உருவானது.

குறிப்பிட்ட ஒரு மாணவர் கல்லெறிந்தார் என்றால் அவர்மீது வழக்குத் தொடர்வது ஒன்று. அதற்காக ஆயிரக்கணக்கானோரின் கல்வியை ஆண்டுக்கணக்கில் நிறுத்துவது வேறு. ஒருவர் தாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படலாகாது என்பதும், கூட்டுத் தண்டனை கூடாது என்பதும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆவது பிரிவில் உள்ளன. நான்காண்டு மூடலை இப்பிரிவுடன் பொருத்திக் காட்டுவது கடினம்.

சாலையும் சுவரும் விசாவும்

1994இல் கல்வித்துறை பாலஸ்தீன நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டமும் பட்டங்களும் பாலஸ்தீனர் கைக்கு வந்தன. ஆனால் எல்லை, சாலை, குடியிருப்புப் பதிவேடு, நுழைவு அனுமதி ஆகியவை இஸ்ரேலின் பிடியிலேயே இருந்தன. வகுப்பறை மாணவருடையது, வகுப்பறைக்குச் செல்லும் வழி இராணுவத்தினுடையது என்றாகியது.

இரண்டாம் இன்திஃபாதா காலத்தில், ரமல்லாவையும் பிர்சேத்தையும் இணைக்கும் சாலை சுர்தா என்னுமிடத்தில் 2001இல் துண்டிக்கப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் வண்டியை விட்டு இறங்கி, தடைகளுக்கிடையே நடந்து, மறுபுறம் வேறு வண்டி பிடித்துச் சென்றனர். 2003 இறுதி வரை இந்நிலை நீடித்தது. 2003 ஜனவரியில் ஹெப்ரோன் பல்கலைக்கழகமும் பாலஸ்தீனப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் இராணுவ ஆணையால் பல மாதங்களுக்கு மூடப்பட்டன. அதே ஆண்டில், அபூ திஸ் ஊரிலுள்ள அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலை வெட்டிச் செல்லுமாறு பிரிப்புச் சுவரின் பாதை வகுக்கப்பட்டிருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பின்னரே பாதை மாற்றப்பட்டது. சுவர் வளாகத்தின் அருகிலேயே இன்றும் நிற்கிறது.

காஸாவின் மாணவர்க்கு மேற்குக் கரையே தொலைநாடாயிற்று. பெத்லகேமில் ஆக்குபேஷனல் தெரபி பயில விரும்பிய காஸா மாணவர்கள் பத்துப் பேர் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தை அணுகினர். காஸாவில் அப்படிப்பு இல்லை. 2007இல் நீதிமன்றம் அவர்களது மனுவைத் தள்ளுபடி செய்தது. 2009 அக்டோபரில், பெத்லகேம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற ஏறத்தாழ இரண்டு மாதங்களே இருந்த மாணவி ஒருவர், அடையாள அட்டையில் காஸா முகவரி இருந்ததால் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு, கண் கட்டப்பட்டு, அன்றிரவே காஸாவுக்கு அனுப்பப்பட்டார். நீதிமன்றம் அவருக்கும் உதவவில்லை. 2008இல் காஸாவின் ஏழு மாணவர்களுக்கு வழங்கப்பட்டிருந்த ஃபுல்பிரைட் உதவித்தொகை, வெளியேறும் அனுமதி கிடைக்காததால் திரும்பப் பெறப்பட்டது. செய்தி உலகறிந்த பின்னரே அம்முடிவு மறுபரிசீலனைக்கு வந்தது.

2022 பிப்ரவரியில் வெளியான இராணுவ நடைமுறை விதிகள், மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் வெளிநாட்டு விரிவுரையாளர்களுக்கு ஆண்டுக்கு 100 எனவும் மாணவர்களுக்கு 150 எனவும் உச்சவரம்பு விதித்தன. கடும் எதிர்ப்புக்குப் பின், அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வடிவில் இந்த எண்ணிக்கை நீக்கப்பட்டது. ஆனால் யாரை அனுமதிப்பது என்ற முடிவு இராணுவ நிர்வாகத்திடமே தங்கியது. 1982இன் உறுதிமொழிப் படிவம் நாற்பதாண்டுகள் கழித்து விசா விண்ணப்பமாகத் திரும்பி வந்ததாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

மாணவர் சங்கமும் இராணுவ நீதிமன்றமும்

பாலஸ்தீனப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் அரசியல் உயிர்ப்புடன் நடப்பவை. பாலஸ்தீன நாடாளுமன்றத்துக்கு 2006க்குப் பின் தேர்தல் நடைபெறாத சூழலில், மக்களின் மனநிலையை அறியும் அளவுகோலாகவே இத்தேர்தல்கள் கவனிக்கப்படுகின்றன. அம்மாணவர் அமைப்புகளே இராணுவச் சட்டத்தின் குறியாகவும் உள்ளன. பிர்சேத்தில் இயங்கிய இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்று 2020இல் சட்டவிரோத அமைப்பாக அறிவிக்கப்பட்டது. வளாகத்தில் சட்டப்படி இயங்கும் சங்கத்தில் உறுப்பினராவதும், அதன் சார்பில் புத்தகக் கண்காட்சி நடத்துவதும் இராணுவ நீதிமன்றத்தில் குற்றமாகும் நிலை இதனால் வந்தது.

இத்தகைய வழக்குகளில் பயன்படும் விதிகளுள் 1945ஆம் ஆண்டின் பிரித்தானிய நெருக்கடிகாலப் பாதுகாப்பு விதிமுறைகளும் அடங்கும். காலனிய ஆட்சியாளர் வெளியேறிய பின்னும் அவர்தம் அடக்குமுறைச் சட்டங்கள் வாழ்வதை நாம் இந்தியாவிலும் அறிவோம். குற்றச்சாட்டே இல்லாமல் வைக்கப்படும் நிர்வாகக் காவல் மற்றொரு கருவி. ஒவ்வொரு முறையும் ஆறு மாதங்கள் வரை ஆணையிடலாம், எத்தனை முறையும் புதுப்பிக்கலாம், சான்றுகள் இரகசியமானவை. தேர்வுக்கு முந்தைய வாரம் காவலில் எடுக்கப்படும் மாணவருக்கு, தம்மீதான ஐயம் யாதென்றே தெரியாமல் ஒரு கல்வியாண்டு போய்விடும்.

ஒரே நிலம், இரு சட்டம்

இதே மேற்குக் கரையில் ஏரியல் என்னும் இஸ்ரேலியக் குடியேற்றம் உள்ளது. அங்குள்ள, 1982இல் தொடங்கப்பட்ட கல்லூரி, 2012 டிசம்பரில் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்வுக்கான இறுதி ஒப்புதலை அளித்தவர் அப்பகுதியின் இராணுவத் தளபதி. 2018இல் இஸ்ரேலிய நாடாளுமன்றம் சட்டமியற்றி, குடியேற்றப் பகுதிகளின் கல்வி நிறுவனங்களை இஸ்ரேலின் உயர்கல்வி மன்றத்தின் கீழ் கொண்டு வந்தது.

ஒரே தளபதியின் அதிகாரம் ஒரு மக்களுக்குப் பல்கலைக்கழகத்தைத் திறக்கிறது. மற்றொரு மக்களுக்கு மூடுகிறது. ஏரியல் மாணவர் குற்றம் புரிந்தால் இஸ்ரேலியக் குடிமை நீதிமன்றம். பிர்சேத் மாணவர்க்கு இராணுவ நீதிமன்றம். 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்து, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் இஸ்ரேலின் தொடர்ச்சியான இருப்பு சட்டவிரோதமானது என்றது. அதன் சட்டங்களும் நடவடிக்கைகளும் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் 3ஆவது பிரிவை, அதாவது இன ஒதுக்கலையும் நிறவெறியையும் தடைசெய்யும் பிரிவை, மீறுவதாகவும் முடிவு செய்தது.

காஸா: கல்வியின் பேரழிவு

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். பொதுமக்கள் மீதான அத்தாக்குதல் போர்க்குற்றம் என்பதில் ஐயமில்லை. அதனைத் தொடர்ந்த போரில் காஸாவின் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்தன. அக்டோபர் இரண்டாம் வாரத்திலேயே இஸ்லாமியப் பல்கலைக்கழகம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன் ஆய்வகங்கள் 2008 டிசம்பரிலும் தாக்கப்பட்டவை. டிசம்பர் 2 அன்று அதன் தலைவரும் இயற்பியல் அறிஞருமான சுஃப்யான் தாயெஹ் குடும்பத்தினருடன் கொல்லப்பட்டார். சில நாள்களில் அங்கு ஆங்கில இலக்கியம் கற்பித்த கவிஞர் ரிஃபாத் அல்-அரீரும் கொல்லப்பட்டார்.

2024 ஏப்ரல் 18 அன்று ஐ.நா. வல்லுநர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் ஆறு மாதங்களில் 5,479 மாணவர்கள், 261 ஆசிரியர்கள், 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கொல்லப்பட்டிருந்தனர். இது திட்டமிட்ட கல்வியழிப்பாகுமா எனக் கேட்பது நியாயமே என்று அவர்கள் கூறினர். அச்சொல்லை 2009இலேயே உருவாக்கியவர் பாலஸ்தீன அறிஞர் கர்மா நபுல்சி. 2025 ஜூனில் ஐ.நா. விசாரணை ஆணையம், காஸாவின் பள்ளி, பல்கலைக்கழகக் கட்டடங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சேதமடைந்தோ அழிந்தோ விட்டன எனப் பதிவு செய்தது.

பாதுகாப்பு என்னும் வாதம்

பல்கலைக்கழகங்களை ஆயுதக் குழுக்கள் பயன்படுத்தின என்பது இஸ்ரேல் தரப்பின் வாதம். இதனைப் புறந்தள்ளாமல் சட்டத்தின் தராசில் வைப்போம். கல்வி நிறுவனம் குடிமைப் பொருளாகும். அது இராணுவ நடவடிக்கைக்குத் திறம்படப் பங்களிக்கும் காலத்தில் மட்டும் பாதுகாப்பை இழக்கும். அப்போதும் எச்சரிக்கையும் விகிதப் பொருத்தமும் கட்டாயம். ஐயம் எழுந்தால் அதனைக் குடிமைப் பொருளாகவே கொள்ள வேண்டும். ஆயுதக் குழுக்கள் வளாகத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர்களும் சட்டத்தின் முன் பொறுப்பாளிகளே. ஆனால் இராணுவம் கைப்பற்றித் தன் வசம் வைத்திருந்த இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடம், தகர்க்கப்பட்ட அந்நாளில் யாருக்கு அச்சுறுத்தலாக இருந்தது? கல்விக்குரிய நிறுவனங்களை வேண்டுமென்றே அழிப்பதை ஹேக் விதிமுறைகளின் 56ஆவது பிரிவு தடை செய்கிறது. ரோம் சட்டம், இராணுவ இலக்காக இல்லாத கல்விக் கட்டடங்களைக் குறிவைத்துத் தாக்குவதைப் போர்க்குற்றமாக வரையறுக்கிறது.

இஸ்ரேல் 1991இல் ஏற்புறுதி அளித்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு உயர்கல்வியை உரிமையாக்குகிறது. அப்பிரிவுக்கு 1999இல் ஐ.நா. குழு அளித்த விளக்கம், கல்விச் சுதந்திரமும் நிறுவனங்களின் தன்னாட்சியும் இன்றி அவ்வுரிமையைத் துய்க்க இயலாது என்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்கும் அவ்வுடன்படிக்கை பொருந்தும் எனச் சர்வதேச நீதிமன்றம் 2004இல், சுவர் குறித்த கருத்துரையில் தெளிவுபடுத்தியது.

இரட்டை நெருக்கடி

பாலஸ்தீனக் கல்வியாளர்க்கு நெருக்கடி ஒரு திசையிலிருந்து மட்டும் வரவில்லை. 1999 நவம்பரில் பாலஸ்தீன நிர்வாகத்தின் ஊழலைச் சாடி இருபது பேர் கையொப்பமிட்ட அறிக்கை வெளியானபோது, அவர்களில் சிலர் பாலஸ்தீனக் காவல் துறையாலேயே பிடிக்கப்பட்டனர். அன்-நஜாஹ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அப்துல் சத்தார் காசிம் அவர்களுள் ஒருவர். ஒரே மாணவர் தலைவர் இரு தரப்புச் சிறைகளையும் கண்ட நிகழ்வுகள் உண்டு. இஸ்ரேலுக்குள்ளும் நிலை இறுகியது. ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீனப் பேராசிரியர் நாதிரா ஷல்ஹூப்-கெவோர்கியன் 2024 மார்ச்சில் தம் கருத்துகளுக்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். கல்விச் சுதந்திரத்தைக் காப்பதென்றால், யார் பறித்தாலும் அதனைப் பறிப்பு என்றே சொல்லும் நேர்மை வேண்டும்.

நம்மிடம் கோரப்படுவது

2024 மே மாதத்தில் காஸாவின் கல்வியாளர்களும் நிர்வாகிகளும் உலகுக்குத் திறந்த மடல் எழுதினர். கட்டடங்கள் இடிந்தாலும் தங்கள் பல்கலைக்கழகங்கள் வாழ்கின்றன என்றும், உதவுவோர் தங்கள் நிறுவனங்களைத் தவிர்த்துவிட்டு மாற்று அமைப்புகளை உருவாக்காமல், அந்நிறுவனங்களின் வழியாகவே உதவ வேண்டும் என்றும் அதில் கோரினர். அல்-அக்ஸா, அல்-அஸ்ஹர், இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து நெருக்கடிகாலக் குழு அமைத்தன. இணையவழி வகுப்புகள் மீண்டும் தொடங்கின. கூடாரங்களில், கிடைத்த மின்சாரத்தில் மாணவர் தேர்வெழுதினர். 1988இல் வீடுகளுக்குள் நடந்த வகுப்புகளின் தொடர்ச்சியே இது.

இக்கோரிக்கையை நாம் சொற்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறந்த சில மாணவர்களை உதவித்தொகை தந்து வெளியேற்றுவது அவர்களுக்கு நன்மை; ஆனால் திரும்பி வர வழியில்லையெனில் அது அச்சமூகத்தின் அறிவாளர்களை வெளியேற்றும் வேலையையும் சேர்த்தே செய்துவிடும். திரும்பும் உரிமையோடு கூடிய உதவித்தொகை, காஸா பல்கலைக்கழகங்களின் பட்டங்களுக்கும் மதிப்பெண் சான்றுகளுக்கும் அங்கீகாரம், நூலகங்களையும் ஆய்வு இதழ்களையும் திறந்து விடுதல், அழிவைச் சான்றாவணப்படுத்துதல் ஆகியவை இந்தியப் பல்கலைக்கழகங்களாலும் செய்யக்கூடியவை. 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்த இந்தியா, சர்வதேச நீதிமன்றக் கருத்தைச் செயல்படுத்தக் கோரிய 2024 செப்டம்பர் 18 ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 124 நாடுகள் அதனை ஆதரித்தன. அவ்வொதுங்கலுக்கான விளக்கத்தை நம் மக்களவை உறுப்பினர்களிடம் கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.

கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்கு அதன் விலை தெரியும். ஆணை எண் 101உம் நிர்வாகக் காவலும் நீங்கும் வரையில், காஸா மாணவர் ஒருவர் பிர்சேத்துக்குப் பேருந்தில் சென்று சேரும் நாள் வரும் வரையில், மறுகட்டுமானம் பற்றிய எந்த அறிவிப்பையும் கட்டடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. புதிதாக எழும் பல்கலைக்கழகத்தின் கதவு யாருடைய அனுமதியால் திறக்கும் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.